ராணுவக் குக்ரி வீட்டுக்கு வந்தால்

கூர்க்கா ரெஜிமென்டில் இருந்தவர் ஓய்வுபெற்று வரும்போது அவரோடு சேர்ந்தே ஒரு வளைந்த கத்தி வீட்டுக்கு வரும். சில வீடுகளில் அவர் காலமான பிறகு, டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதுதான் அது கண்ணில் படும். கையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் உறையிலிருந்து சட்டென்று உருவிப் பார்ப்பார்கள், கட்டைவிரலால் கூர் பார்ப்பார்கள், பிறகு ‘என்ன இப்படிக் கறுத்துப் போயிருக்கே’ என்று தேய்க்க உட்காருவார்கள். முதல் இரண்டும் கையைக் கிழிக்கும். மூன்றாவது, அந்தக் கத்தி யாருடையது, எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய தடயங்களை ஒரே மாலையில் அழித்துவிடும்.

உருவுவதில் இருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் காயங்கள் அங்கேதான் நடக்கின்றன. குக்ரியின் உறை இரண்டு மரப்பட்டைகளை ஒட்டி, மேலே எருமைத்தோல் போர்த்திச் செய்தது. தோலின் தையல் ஒரு பக்கமாக ஓடும். வளைவின் உட்புறத்தில்தான் கூர்வாய் இருக்கிறது. வாளை உருவுவதுபோல நேராக இழுத்தால் அந்த வாய் மரப்பட்டைகள் சேரும் மூட்டில் அழுந்தி உரசும். பழைய உறையில் பசை விட்டிருக்கும், தோலும் உலர்ந்து வெடித்திருக்கும். உறையை முழுக் கையால் சுற்றிப் பிடித்திருந்தால், அலகு அந்த மூட்டைப் பிளந்துகொண்டு நேரே விரலுக்கு வரும். அதனால் உறையை அதன் திறந்த முனைக்கு அருகே, முதுகுப் பக்கமாக மட்டும் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் ஒரு தட்டைப் பக்கத்தில், மற்ற விரல்கள் மறுபக்கத்தில். கூர்வாய்ப் பக்கத்துக்கு ஒரு விரலும் போகக் கூடாது. கத்தியின் முதுகு உறையின் முதுகோடு ஒட்டிக்கொண்டே வரும்படி, வளைவு போகிற போக்கில் இழுக்க வேண்டும். திரும்பச் செருகும்போதும் இதேதான். வரவில்லையென்றால் பலம் போடக் கூடாது. உள்ளே துரு பிடித்து மரத்தோடு ஒட்டியிருக்கலாம், அல்லது மழைக்கால ஈரத்தில் மரம் பருத்திருக்கலாம். விசிறிக் காற்றில், நிழலில், இரண்டு மூன்று நாள் போட்டு வைத்தால் பெரும்பாலும் தானாகவே தளரும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி இன்னும் இறுகும்.

ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது உறையோடு, படுக்கை வசத்தில், இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொடுப்பதே பாதுகாப்பு. உறையில்லாத குக்ரியைக் கைக்குக் கை மாற்றவே வேண்டாம். மேசைமேல் துணி விரித்து வைத்துவிடுங்கள், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, வந்திருப்பது எந்த வகை என்று பார்ப்பது. பட்டாளத்து வீடுகளில் மூன்று வகை புழங்குகிறது. ஒன்று, சிப்பாய்க்கு வழங்கப்பட்ட உழைப்புக் கத்தி. முதுகு அடிப்பகுதியில் 7, 8 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். அலகு 10 முதல் 12 அங்குலம், மொத்தம் 16 அங்குலத்துக்குக் கூடக் குறைய, எடை அரைக் கிலோவுக்கு மேல். அழகு குறைவு, தழும்பு அதிகம். விறகு பிளந்ததும் இதுதான், முகாமில் கறி நறுக்கியதும் இதுதான். உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போகாது என்ற கதையை நம்புகிறவர்கள், தினமும் இதில் வெங்காயம் நறுக்கிய லாங்கிரியை, அதாவது பட்டாளத்துச் சமையல்காரரைக், கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, பட்டாலியன் பிரிவு உபசாரத்தில் கொடுத்தது. குரோம் பூச்சு, மரப்பலகை, பித்தளைத் தகடு, அதில் பெயரும் ஆண்டுகளும். அதிகாரிகளுக்கு வெள்ளி வேலைப்பாட்டு உறையோடு கொடுக்கும் கோத்திமோரா வகையும் இதில் சேரும். மூன்றாவது, கடைத்தெருவில் வாங்கியது. சிங்கத்தலைப் பிடி, அலகில் பூவேலை, மெல்லிய முதுகு. மூன்றாவது வகை என்று தெரிந்ததும் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் போன சிப்பாய்களே இவற்றை நிறைய வாங்கினார்கள். யார், எங்கே, எப்போது வாங்கினார் என்று வீட்டுக்குத் தெரிந்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

பிடிக்கு அருகே அலகிலும், பிடியின் பித்தளைப் பூணிலும், அடித்தட்டிலும் முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். அகன்ற அம்புக்குறியும் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் இருந்தால் அது பிரிட்டிஷ் இந்திய அரசுச் சரக்கு. 43, 44 போன்ற இரட்டை இலக்கம் போர்க்காலத் தயாரிப்பு ஆண்டு. பட்டாலியன் எண்ணைப் பின்னமாகப் படித்துக் குழம்புகிறவர்கள் நிறைய. 3/8 ஜி.ஆர். என்றால் எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸின் மூன்றாவது பட்டாலியன். 1/11 என்றால் பதினொன்றாவதின் முதல் பட்டாலியன். 1947 பிரிவினையில் பத்து ரெஜிமென்டுகளில் 1, 3, 4, 5, 8, 9 இந்தியாவுக்கு வந்தன. 2, 6, 7, 10 பிரிட்டனுக்குப் போயின. ஆகவே 7 அல்லது 10 என்று பொறித்த கத்தி இந்திய வீட்டில் இருந்தால், அது 1947-க்கு முந்தியதாகவோ பிரிட்டிஷ் பக்கத்திலிருந்து வந்ததாகவோ இருக்க வேண்டும். பதினொன்றாவது 1948-ல் மீண்டும் எழுப்பப்பட்டது. முதல் உலகப் போரின் கடைசியில் 1918-ல் தொடங்கி 1922-ல் கலைக்கப்பட்ட பதினொன்று ஒன்றும் உண்டு, அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. ரெஜிமென்டின் பெயரை ஆங்கிலத்தில் முழுதாகப் பொறித்திருந்தால் ‘கூர்க்கா’ என்ற சொல்லின் இரண்டாவது எழுத்து ‘யூ’வா ‘ஓ’வா என்று பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியப் படை ‘ஓ’வுக்கு மாறியது. இந்தியப் படைக்கு வந்த ரெஜிமென்டின் பெயரில் ‘ராயல்’ என்ற அடைமொழி இருந்தால் இந்தியா குடியரசாவதற்கு முந்தைய பெயர் அது.

இன்னொன்றும் கணக்கில் கொள்ளவேண்டும். இந்தப் பட்டாலியன்களில் சிப்பாய்களும் சுபேதார்களும் பெரும்பாலும் கூர்க்காக்கள். அதிகாரிகள் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். தமிழ்க் குடும்பத்தில் குக்ரி இருந்தால், அவர் அதிகாரியாக இருந்திருப்பார், அல்லது சிக்னல், மருத்துவம், இ.எம்.இ. (இயந்திரப் பராமரிப்பு) மாதிரிப் பிரிவிலிருந்து கூர்க்கா பட்டாலியனோடு இணைந்து வேலை பார்த்திருப்பார். பணிப் புத்தகத்தில் ‘இணைக்கப்பட்ட’ காலம் என்று வரும் பக்கங்களை அதற்காகத்தான் முதலில் புரட்ட வேண்டும். பொறிப்பும் பணிப் புத்தகமும் ஒத்துப்போனால் கதை உறுதி. ஒத்துப்போகாவிட்டால் இருப்பதை இருக்கிறபடி எழுதி வையுங்கள். பழைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது: யார் கொடுத்தார்கள், எந்த ஊரில், எந்தச் சந்தர்ப்பத்தில், அப்போது என்ன ரேங்க். பென்சிலால் காகிதத்தில் எழுதி, பருத்தி நூலால் பிடியில் கட்டுங்கள். பால்பாயின்ட் மை ஈரத்தில் ஊறி தோலில் இறங்கும். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை பூச்சோடு பிய்த்துக்கொண்டு வரும். இப்போது புதிதாகப் பெயர் வெட்டச் சொல்லிக் கேட்பதும் உண்டு. வேண்டாம். பழைய கத்தியில் புதுப் பொறிப்பு இருந்தால், நாளைக்குப் பார்க்கிறவர் பழைய பொறிப்பையும் சேர்த்தே சந்தேகிப்பார்.

படம் எடுத்த பிறகுதான் துடைப்பது. இரண்டு பக்கம், முதுகு, பிடியின் அடி, உறையின் இரு பக்கம், உடன் ஒரு அளவுகோல். உறையின் பின்பக்கத்துப் பைகளில் இரண்டு சின்னக் கத்திகள் இருக்கும். கூரானது கர்தா. மழுங்கலாக இருப்பது சக்மக், அதை வைத்துத்தான் வாய் மடிந்தால் நிமிர்த்துவார்கள், கல்லில் தட்டி நெருப்பும் எடுப்பார்கள். அது மழுங்கலாக இருப்பதைப் பார்த்துவிட்டு ‘பாவம், கூர் போயிட்டுது’ என்று சாணைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்!

சாணைப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடலாம். பெரிய கத்தியையும் தீட்டக் கூடாது. குக்ரியின் அலகு முழுவதும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை. கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சி, கெண்டியிலிருந்து வாய் நெடுக மட்டும் தண்ணீர் ஊற்றுவார். வாய் கடினமாகும், முதுகு இளக்கமாக, அடி தாங்கும்படி நிற்கும். சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால் வாயோரம் நீலமோ வைக்கோல் நிறமோ ஏறும். அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அது திரும்ப வராது. போதாததற்கு, சக்கரம் வாயின் குவிந்த வடிவத்தையும் தட்டையாக்கிவிடும். வெட்டுவதற்குக் கத்தி வேண்டுமென்றால் தனியாக ஒன்று வாங்கிக்கொள்வதே சரி.

இப்போது துரு. செம்பழுப்பாக, விரலில் பொடியாக ஒட்டினால் அது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. சாம்பலும் கறுப்புமாக, வழவழப்பாக, ஒட்டாமல் இருந்தால் அது இரும்பின் வயது. அதைத் தொட வேண்டாம். கறுப்பைச் சுரண்டினால் அடியில் புது இரும்பு திறந்து, ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிடும். செந்துருவுக்கு இப்படிச் செய்யலாம்: பழைய கிரீஸ் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள், பிடியிலும் தோலிலும் படாமல். துருவின்மேல் தையல் மெஷின் எண்ணெய் நான்கைந்து சொட்டு விட்டு ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் 0000 நம்பர் ஸ்டீல் உல்லை எண்ணெயில் நனைத்து, நீளவாக்கில் மட்டும், அழுத்தாமல் ஓட்டுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் வெளிச்சத்தில் வலைபோலத் தெரியும். பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளும் உப்புத்தாளும் இங்கே எதிரிகள். துணி செம்பழுப்பாக வருவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள், குழி குழியாகத் தெரிந்தாலும் சரி. பிடிக்குச் சற்று முன்னால் வாயில் வெட்டியிருக்கும் சின்னக் காடிக்குள் பல்குத்தி முனையில் துணி சுற்றி எடுக்கலாம். அந்தக் காடி பசுவின் குளம்பு என்பார்கள், சிவனின் சூலம் என்பார்கள், ரத்தம் பிடிக்குப் போகாமல் சொட்டுவதற்கு என்பார்கள். எதுவானாலும் ஈரம் தங்கும் முதல் இடம் அது.

குரோம் பூசிய பரிசுக் குக்ரிக்கு ஸ்டீல் உல்லும் ஆகாது. பூச்சில் ஊசித்துளை இருந்தால் துரு அடியில் பரவிக் கொப்புளமாக எழும். அங்கே எண்ணெய்ச் சொட்டு வைத்துத் துடைப்பதோடு சரி. கொப்புளத்தை உடைத்தால் பூச்சு ஏடு ஏடாகப் பெயரும்.

முடிவில் காப்புப் பூச்சு. நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்கு. அதுவும் நல்லெண்ணெயும் நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து, மஞ்சள் பிசினாகி, தூசியை இழுக்கும். பட்டாளத்தில் கடுகெண்ணெய் தடவினார்களே என்றால், அங்கே வாரம் தவறாமல் துடைத்தார்கள். ஆண்டுக்கொரு முறை எடுக்கிற கத்திக்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் நல்லது, பக்கத்துக்கு இரண்டு மூன்று சொட்டு, துணியால் பரப்பி, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு கிடைத்தால் இன்னும் மேல். டபிள்யூ.டி. 40 தண்ணீரை விரட்டும், ஆனால் நாள்பட நிற்காது. பூசிய பிறகு வெறும் கை அலகில் படக் கூடாது. விரல் ரேகையில் இருக்கும் உப்பு ரேகையின் வடிவத்திலேயே துருவாக எழும், சென்னைக் காற்றில் அதற்கு ஒரு வாரம் கூட வேண்டியதில்லை.

வருஷம் முழுக்க ஜாக்கிரதையாக இருந்துவிட்டு ஒரே நாளில் கெடுப்பது ஆயுத பூஜையில். கூர்க்காக்களும் அதே நவராத்திரி நாட்களில், தசைனில், குக்ரியை வைத்துக் கும்பிடுகிறவர்கள்தான். பூஜை தப்பில்லை, எலுமிச்சைதான் தப்பு. பாதியாக வெட்டிக் குங்குமம் தடவி முனையில் செருகிய எலுமிச்சம்பழத்தின் சாறு கார்பன் இரும்பில் மணிக்கணக்குக் கூட எடுத்துக்கொள்ளாது, சாம்பல் நிறக் கறை விழுந்துவிடும். ஈரச் சந்தனம் காயும்வரை அடியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மறுநாள் வரை கலைக்கக் கூடாது என்று அப்படியே விட்டால், பொட்டுக்கு ஒரு துருவட்டம் உறுதி. மஞ்சள் குங்குமம் உறையின் தோலில் ஏறினால் வரவே வராது. பலகைக்குப் பொட்டு வைத்து, பட்டுத் துணிமேல் கத்தியைக் கிடத்தி, பூவைப் பிடிப்பக்கம் தள்ளி வைத்தால் பாட்டிக்கும் திருப்தி, கத்திக்கும் சேதமில்லை. அலகில் வைத்தே தீர வேண்டுமென்றால் முந்தின நாள் மெழுகு பூசி, காய்ந்த குங்குமமாக வைத்து, அன்று மாலையே துடைத்துவிடுங்கள்.

உறையின் முனையில் இருக்கும் பித்தளைப் பூணை பிராஸோ போட்டுத் தேய்த்தால், தோலும் பித்தளையும் சேரும் ஓரத்தில் வெள்ளைப் பொடி தங்கும். ஓரத்தில் காகிதப் பட்டை செருகிக்கொண்டு தேய்க்க வேண்டும், அதுவும் அபூர்வமாக. பச்சைக் களிம்பு மெழுகுபோல் திரண்டிருந்தால் மூங்கில் குச்சியால் கெல்லி எடுங்கள். தோலுக்கு எண்ணெய் குடிப்பாட்டினால் களிம்பு கூடும், தோலும் தொய்ந்துவிடும். ஷூ பாலிஷ் கேட்கவே வேண்டாம். கோத்திமோராவின் வெள்ளிக்கு விபூதி, பற்பசை, புளி எல்லாமே கெடுதல்தான். அதற்கென்று விற்கும் மென்துணி போதும். மெல்லிய வெள்ளி வேலைப்பாட்டை நகைக்கடையில் அமிலத்தில் முக்கி எடுத்தால், திரவம் உள்ளே இருக்கும் மரத்துக்கும் வெல்வெட்டுக்கும் இறங்கி வெளியே வராது.

பிடி ஆடுகிறது என்பது அடிக்கடி வரும் புகார். அலகின் வால் பிடிக்குள் போய், லஹா என்ற மரப்பிசின் கலவையில் பதிந்து நிற்கிறது. சூட்டில் அது இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் ஒரு மத்தியானம் கிடந்தால் போதும், அடுத்த முறை உருவும்போது பிடி மட்டும் கைக்கு வரலாம். ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள். அது பிடியின் வெளிப்புறத்தில் வழிந்து வெண்புகை படரும், உள்ளே ஒட்டவும் செய்யாது. அடித்தட்டைச் சுத்தியலால் தட்டினால் கொம்புப் பிடி பிளக்கும். ஆடும் கத்தியை உருவாமல் வைத்திருப்பதே பாதி வைத்தியம். சரிசெய்தே ஆக வேண்டுமென்றால், திரும்ப இளக்கக்கூடிய பசையைக் கேளுங்கள். எபாக்சி போட்டால் பின்னால் பிரிக்க வழியில்லை. கொம்புப் பிடியில் குண்டூசித் துளைகளும் அடியில் தூளும் தெரிந்தால், அது பூச்சி. மயிரும் கொம்பும் தின்னும் வண்டின் புழு. இரண்டு பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தெடுக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அவசரப்பட்டால் அலகு நெடுகப் பனித்துளி கோத்துவிடும்.

வைப்பதற்கு உறைதான் இடம் என்று தோன்றும். கடலோர ஊருக்கு அது பொருந்தாது. தோலும் மரமும் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டி வைத்திருக்கும். மானெக்‌ஷா மாதிரி ஓய்வுக்குப் பிறகு குன்னூர், வெலிங்டன் பக்கம் தங்கிவிட்ட அதிகாரிகளின் வீடுகளில் இன்னும் மோசம், பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும். அலகை மெழுகிட்டு, துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். உறைக்குள் அதே வளைவில் வெட்டிய அட்டையைச் செருகி வைத்தால் அது கோணாது. பெட்டிக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்று. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். சுவரில் மாட்டுவதானால் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகையை ஐப்பசி கார்த்திகையில் மூடி முத்திரை வைத்தால், அந்த மாதத்து ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைக்கிறோம். பங்குனியில் செய்யுங்கள்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். 2016 ஆயுத விதிகளின் ஐந்தாம் வகையில் குக்ரி பெயர் சொல்லியே இருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். பட்டாளத்துக் குக்ரி அநேகமாக அளவைத் தாண்டிவிடும். இவ்வகைக்கு உரிமம் வேண்டுமா என்பது, 1959 ஆயுதச் சட்டத்தின் நான்காம் பிரிவில் உங்கள் பகுதி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். பணிச் சான்று, பிரிவு உபசாரக் கடிதம் இவற்றின் நகல் கத்தியோடு இருப்பது நல்லது. விமானத்தில் கைப்பைக்குள் கூடாது. உறையோடு, முனை குத்தாதபடி கட்டி, சரக்குப் பெட்டியில்தான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதற்குமுன் வயதைப் பாருங்கள். நூறு ஆண்டு தாண்டிய பொருளானால் 1972 தொல்பொருள் சட்டப்படி வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்க் காலத்துக் குக்ரிகள் எல்லாம் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டன.

அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்கும்போது கத்தி ஒருவருக்கு, பெயர்த்தகடு போட்ட பலகை இன்னொருவருக்கு என்று போவதைத் தடுக்கப் பாருங்கள். கர்தா, சக்மக், உறை, இடைவாரில் மாட்டும் தோல், தகடு, கடிதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்றவர்களுக்குப் படமும் நகலும் போதும். யாருக்கும் வேண்டாமென்றால் எடைக்கடைக்கு முன் ரெஜிமென்டல் சென்டருக்கு எழுதிக் கேட்கலாம்: 1, 4-க்கு சுபாத்து, 3, 9-க்கு வாரணாசி, 5, 8-க்கு ஷில்லாங், 11-க்கு லக்னோ. முதலில் படமும் பணி விவரமும் மட்டும் அனுப்புங்கள். சம்மதக் கடிதம் வந்த பிறகு கத்தியை எடுத்துப் போகலாம், ஏனென்றால் கூரியர்க்காரர்கள் பலர் இதை வாங்கவே மாட்டார்கள்.